பரிசோதனையும் பரிவும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் மலைச்சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்றம் தொடங்கும் கல்லாற்றுப் பகுதியில் வனத்துறையின் சோதனைச்சாவடி ஊர்திகளை நிறுத்துகிறது. காட்டைக் காக்க அச்சாவடி தேவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இத்தகைய சாவடி ஒன்றைப் பள்ளி வாயிலிலும் அமைத்து, மாணவர் உடலில் போதைப்பொருள் கலந்துள்ளதா எனச் சோதித்தால் என்ன என்று பெற்றோர் சிலர் இன்று கேட்கின்றனர். அக்கேள்விக்குப் பின்னால் உள்ள கவலை நியாயமானது. எனினும், ஊர்தியைச் சோதிப்பதும் வளரும் பிள்ளையின் உடலைச் சோதிப்பதும் ஒன்றாகா. எங்கே, எவர் கையில், எந்நோக்கத்துடன் அச்சோதனை நடைபெறுகிறது என்பதைப் பொறுத்தே அது நன்மையாகவோ தீமையாகவோ முடியும்.

கவலையின் காரணம்

போதைப்பொருள் பெருநகரங்களுக்கு மட்டும் உரிய தீமை அன்று. கஞ்சாவும், எம்.டி.எம்.ஏ. போன்ற வேதிப் போதைப்பொருள்களும் கேரளத்தின் சிற்றூர்களையும் எட்டியுள்ளன. இதனை உணர்ந்தே கேரள அரசு 2016ஆம் ஆண்டில் ‘விமுக்தி’ என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. விழிப்புணர்வுப் பணியோடு மீட்புச் சிகிச்சைக்கும் அவ்வியக்கம் வழி செய்கிறது.

மத்திய அரசுக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019இல் வெளியானது. அதன் முடிவுகளுள் ஒன்று பெற்றோர் அனைவரும் அறிய வேண்டியது. பசை, வண்ணக் கரைப்பான் முதலியவற்றின் ஆவியை முகரும் பழக்கம் பெரியவர்களிடம் 0.58 விழுக்காடாக இருக்க, 10 முதல் 17 வயது வரையுள்ளோரிடம் 1.17 விழுக்காடாக இருந்தது. பெரியவர்களைவிடச் சிறுவரிடம் மிகுதியாகக் காணப்பட்ட போதைப் பழக்கம் இது ஒன்றே. முடிவெடுக்கவும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளவும் உதவும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இளமையில் தொற்றும் பழக்கம் ஆழமாக வேரூன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சோதனை முறைகள்

போதைப்பொருளைக் கண்டறியச் சிறுநீர், உமிழ்நீர், குருதி, தலைமுடி ஆகியவை சோதிக்கப்படுகின்றன. இவற்றுள் பரவலாக வழங்குவது சிறுநீர்ச் சோதனை. நாள்தோறும் கஞ்சா புகைப்பவரின் சிறுநீரில் அதன் எச்சம் ஒரு மாதம் வரைகூடத் தங்கலாம். உமிழ்நீர் அண்மையில் உட்கொண்டதையே காட்டும். ஓரிரு நாள்களில் அதிலுள்ள தடயம் மறைந்துவிடும். சாலைச் சோதனைக்கு அது ஏற்றது. கேரளக் காவல்துறை 2022இல் அறிமுகப்படுத்திய ‘ஆல்கோ ஸ்கேன்’ ஊர்தி, ஓட்டுநரின் உமிழ்நீரைக் கொண்டே போதையைக் கண்டறிகிறது. தலைமுடி மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், வேரை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர் முடி ஏறக்குறைய மூன்று மாத வரலாற்றைச் சொல்லும்.

சோதனையில் இரு கட்டங்கள் உண்டு. பட்டை ஒன்றை நனைத்துச் சில நிமிடங்களில் விடை காண்பது முதற்கட்டச் சோதனை. அது ஐயத்தை எழுப்புமே அன்றி உறுதி கூறாது. ஆய்வகத்தில் நுண்கருவிகளால் மூலக்கூறுகளைப் பிரித்தறிவதே உறுதிச் சோதனை. முதலாவதை மட்டும் நம்பி ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது, புகையைக் கண்டதும் வீடு எரிந்ததாக ஊர் முழுவதும் பறையறைவதற்கு ஒப்பாகும்.

கருவி சொல்லாதவை

குருமாவில் சேர்க்கும் கசகசா, அபினி தரும் செடியின் விதையே ஆகும். அதனை மிகுதியாக உண்டவரின் சிறுநீர், அபினி உண்டவரின் சிறுநீர் போலவே சோதனையில் தோன்றக்கூடும். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே அமெரிக்க அரசு 1998இல், மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமாக இருந்த வரம்பை 2,000 நானோகிராமாக உயர்த்தியது. சளிக்கும் இருமலுக்கும் உண்ணும் மருந்துகள் சிலவும் முதற்கட்டச் சோதனையில் பொய்யான விடையைத் தருவதுண்டு.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. சிறுவரிடையே மிகுந்து காணப்படும் பசை முகரும் பழக்கத்தை வழக்கமான சிறுநீர்ச் சோதனைப் பட்டை காட்டுவதில்லை. அவ்வாறாயின், குருமா உண்ட குழந்தை ஐயத்திற்கு ஆளாக, பசை முகர்ந்த குழந்தை உதவி பெறாமலே போகலாம்.

எல்லாவற்றினும் பெரிய குறை மற்றொன்று. நண்பர்களின் வற்புறுத்தலால் ஒருமுறை புகைத்த மாணவன், தனிமையின் துயர் தாங்காமல் நாள்தோறும் புகைக்கும் மாணவன், விற்பவரின் மிரட்டலுக்கு அஞ்சி அவர் பிடியில் சிக்கிய மாணவன் ஆகிய மூவருக்கும் கருவி ஒரே விடையைத்தான் தரும். நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என அறிந்த பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பது திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் காட்டும் நெறி. கருவி முதற்படியில் நின்றுவிடுகிறது. காரணத்தை அறிய மனிதர் வேண்டும்.

அமெரிக்கப் படிப்பினை

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995இல் பள்ளி விளையாட்டு வீரர்களையும், 2002இல் பாடத்திற்கு அப்பாற்பட்ட போட்டிகளில் பங்கேற்கும் பிற மாணவர்களையும் சோதிக்க இசைவளித்தது. சோதனை உண்டு என்னும் அச்சமே மாணவரைக் காக்கும் என்றும், ‘எனக்குச் சோதனை இருக்கிறது’ எனக் கூறி நண்பரின் வற்புறுத்தலை மறுக்க அது உதவும் என்றும் ஆதரவாளர் வாதிட்டனர். அவ்வாதம் புறந்தள்ளத்தக்கது அன்று. ஆயினும், நூற்றுக்கணக்கான பள்ளிகளை ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த ஆய்வில், சோதனை நடத்திய பள்ளிகளுக்கும் நடத்தாத பள்ளிகளுக்கும் இடையே மாணவரின் போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் பள்ளிகளில் பரவலாகச் சோதனை நடத்துவதை 2015இல் ஏற்க மறுத்தது. சோதனைக்கு அஞ்சி ஆடுகளத்தை விட்டு விலகும் மாணவன், தன்னைக் காக்கக்கூடிய நல்ல துணையையும் இழந்துவிடுகிறான்.

சட்டம் காட்டும் வழி

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமை சிறுவர்க்கும் உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டுகள் வரை கடுங்காவல் விதிக்கிறது. கொடுத்தவரே குற்றவாளி; வாங்கிய சிறுவர் காக்கப்பட வேண்டியவர் என்பதே அதன் உட்கருத்து. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும், சிறிய அளவு போதைப்பொருள் தொடர்பாக வழக்குக்கு உள்ளான அடிமைப்பட்டோர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி வைத்துள்ளது. கடுமைக்குப் பெயர்பெற்ற சட்டமே சிகிச்சைக்குக் கதவு திறந்திருக்க, பள்ளி அக்கதவை அடைத்தல் தகுமோ?

செய்யத் தக்கது

ஆகவே சோதனை மருத்துவரின் கையில் இருத்தல் வேண்டும். மாணவரும் பெற்றோரும் பொருள் விளங்கி இசைந்த பின்னரே அது நடைபெற வேண்டும். உறுதிச் சோதனை முடியும் வரை எவரையும் குற்றஞ்சாட்டலாகாது. முடிவு மருத்துவரையும் குடும்பத்தையும் தாண்டிச் செல்லலாகாது. பள்ளி நீக்கம் கூடவே கூடாது. பள்ளியை இழந்த பிள்ளைக்கு மிஞ்சுவது விற்பவரின் வாசல் ஒன்றே.

பிழைப்பின் பொருட்டு அயல் மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. மலையாளம் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் மொழிபெயர்த்துச் சொல்பவர் பெரும்பாலும் பள்ளியில் பயிலும் பிள்ளைதான். அப்பிள்ளையே நோயாளியானால் பெற்றோருக்கு யார் எடுத்துச் சொல்வது? விளங்காத மொழியில் உள்ள தாளில் கைநாட்டு இடுவது இசைவு ஆகாது. தாய்மொழியில் மனம் திறந்து பேச ஒருவர் கிடைப்பதே சிகிச்சையின் முதல் மருந்து. மத்திய அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். விமுக்தி இயக்கத்தை 14405 என்னும் எண்ணிலும், சிறுவர் உதவி மையத்தை 1098 என்னும் எண்ணிலும் அழைக்கலாம்.

இதில் மாணவரின் பங்கும் உண்டு. தோழனின் துன்பத்தைப் பெரியவரிடம் சொல்வது காட்டிக்கொடுத்தல் ஆகாது; வெள்ளத்தில் விழுந்தவனுக்காகக் கரையில் நின்று குரல் கொடுத்தலைப் போன்றது அது. அக்குரலைக் கேட்டு ஓடிவரும் பெரியவர்களின் கையில் பிரம்பு இருக்குமாயின், அடுத்தமுறை எவரும் குரல் கொடுக்கமாட்டார். சோதனைப் பட்டை ஒன்று நிறம் மாறும் நொடியில் பெற்றோரும் ஆசிரியரும் அந்தப் பிள்ளையிடம் கேட்கும் முதல் கேள்வியே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று அதட்டாமல், “உனக்கு என்ன துயரம்?” என்று கேட்பதே அறிவும் அன்பும் சேர்ந்த வழியாகும்.