பட்டாசு வரும் பாதை

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் நாரணாபுரத்தில் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். சிவகாசியை ஒட்டிய ஊர். அங்கே போய்விட்டுப் பட்டாசு இல்லாமல் சென்னைக்குத் திரும்பினால் குழந்தைகள் விடுவார்களா? இரண்டு பெட்டி வாங்கி, புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தேன். தம்பி மனைவி பார்த்துவிட்டாள்.

“மதினி! இதையா பொதிகை எக்ஸ்பிரஸில் கொண்டுபோகப் போகிறீர்கள்?”

“மத்தாப்பும் புஸ்வாணமும்தானே அம்மா! வெடி ஒன்றுகூட இல்லை.”

“மத்தாப்புக்குள்ளேயும் மருந்துதானே இருக்கிறது? எடுத்து வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் உங்களை ரயிலேற விடமாட்டேன்.”

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஆனால் நியாயம் அவள் பக்கம்தான். 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவுப்படி, அபாயகரமான பொருளை விதியை மீறி ரயிலில் கொண்டுபோனால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும். 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி விடியற்காலையில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டார்களே, நினைவிருக்கிறதா? லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த காஸ் சிலிண்டர்தான் காரணம். “ஒரு சின்னப் பொருள்தானே” என்று அவர்களும் நினைத்திருப்பார்கள்!

“அப்படியானால் ஊர் ஊராகப் பட்டாசு எப்படித்தான் போகிறது?” என்று கேட்டேன்.

“வாசலுக்கு வந்து பாருங்கள்” என்றாள். சாலையோரத்தில் வரிசையாக லாரிகள்!

சிவகாசிக்கு ரயில் பாதை இல்லாமல் இல்லை. விருதுநகரிலிருந்து தென்காசி போகும் பாதை ஊர் வழியாகத்தான் போகிறது. ஆனால் சரக்கு ரயில் என்பது நெல்லுக்கும் நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் ஏற்றது. நாற்பது பெட்டி கோத்தால் சுமார் 2,400 டன் போகும். ஓரிடத்தில் ஏற்றி ஓரிடத்தில் இறக்கிவிடலாம். பட்டாசு அப்படியா? கனம் குறைவு, இடம் அதிகம். ஆயிரம் ஊரில் ஆயிரம் கடைக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும். போதாததற்கு, வெடிபொருளுக்கு ரயில்வேயில் கட்டுப்பாடுகள் மிகக் கடுமை. ஆகவே 2,500 கிலோமீட்டருக்கு மேல் உள்ள டில்லிக்கும் லாரிதான்.

லாரிக்கு மட்டும் விதி இல்லையா? உண்டு. 2008-ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகள் இருக்கின்றன. உரிமம் வேண்டும், வண்டியருகே பீடி, சிகரெட் கூடாது, கண்ட சாமானைக் கூட ஏற்றக்கூடாது.

சரி, லாரி ஓடும்போதுதான் அபாயம் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்ததைப் பாருங்கள்.

2016 அக்டோபர் 20. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கிடங்கில் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தீப்பிடித்தது. புகை பக்கத்திலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்தது. மூச்சுத் திணறிக் குறைந்தது எட்டுப் பேர் இறந்துபோனார்கள். பட்டாசுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

2023 அக்டோபர் 7. ஓசூருக்கு அப்பால், கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி. கடைக்கு வந்த பட்டாசை இறக்கும்போது தீ. பதினாலு பேருக்கு மேல் மாண்டார்கள். தீபாவளி வியாபாரத்துக்காக வேலைக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் அவர்களில் பலர்.

ஏற்றும்போது ஒன்று, இறக்கும்போது ஒன்று. இரண்டு தடவையும் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது!

இப்போது சிவகாசியைச் சுற்றி வெளிவட்டச் சாலைக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகள் லாரிக்கு நடுவே நடக்கவேண்டியிராது. ஆனால் சாலை மட்டும் போதுமா? கிடங்கும் லாரி நிற்கும் இடமும் வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எட்டத்தில் அமையவேண்டாமா? நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்ற ஊரில் வீடுகளுக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு 2000 மே 13-ஆம் தேதி வெடித்து 23 பேர் இறந்தார்கள். சுமார் 400 வீடுகள் அழிந்தன. அதன் பிறகுதான், கிடங்குக்கும் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் வேண்டும் என்று அந்த நாட்டில் கண்டிப்பான விதி செய்தார்கள். நாமும் அடிபட்டுத்தான் கற்கவேண்டுமா?

“இதிலே வீட்டிலிருக்கும் நாம் என்ன செய்ய?” என்கிறீர்களா? செய்யக்கூடியது மூன்று உண்டு.

ரயிலிலும் பஸ்ஸிலும் பட்டாசைக் கொண்டுபோகாதீர்கள். பக்கத்து வீட்டார் கொண்டுவரச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

மலிவு என்று இணையத்தில் ஆர்டர் கொடுக்காதீர்கள். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த விற்பனையைத் தடை செய்தது. அப்படி வாங்கும் பெட்டி எந்த வண்டியில், எந்தச் சாமானோடு, என்ன பெயரில் ஏறிவருமோ, யார் கண்டது?

மூன்றாவது முக்கியம். உங்கள் தெருவில் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே பட்டாசு இறங்கினால், “நமக்கென்ன” என்று கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து தீயணைப்பு நிலையத்தாரிடமோ, போலீஸாரிடமோ சொல்லுங்கள்.

என் கதை என்ன ஆயிற்று என்றா கேட்கிறீர்கள்? இரண்டு பெட்டியும் தம்பி குழந்தைகளுக்கே போயின. காலியான இடத்தில் தம்பி மனைவி ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வைத்துக் கொடுத்தாள். சென்னைக்கு வந்ததும் தீவுத்திடல் கடைக்குக் குழந்தைகளை அழைத்துப் போனேன். அதே மத்தாப்பு, அதே புஸ்வாணம், பெட்டிமேல் அதே சிவகாசி முகவரி. எனக்கு முன்னாலேயே லாரி ஏறி வந்து காத்துக்கொண்டிருந்தன!