நீல் துரையின் வீரமும் துடைப்பமும்

சென்னை மவுண்ட் ரோட்டில் 1861-ஆம் ஆண்டு நிறுத்தப்பெற்ற கர்னல் நீலின் சிலை, 1937-இல் ராஜாஜி மந்திரிசபையின் காலத்தில் எழும்பூர்க் காட்சிச்சாலைக்கு அப்புறப்படுத்தப்பட்டது. அச்சிலைக்காக இன்றும் பரிந்து பேசும் படித்த கனவான்கள் நம்மிடையே உளர். இத் திரிங்காப் மலையிலும் உளர். ஆங்கிலேயர் எவரைப் புகழ்ந்தனரோ அவரே வீரர் என்று கொள்ளும் இவர்கள் கூறும் நியாயம் யாதெனின், “கான்பூரில் வெள்ளை மாதரும் குழந்தைகளும் வெட்டுண்டு கிணற்றில் எறியப்பட்ட கோரத்தைக் கண்டு நீல் சினந்தார், போர்வீரனுக்குரிய கடமையைச் செய்தார், அக்காலத்து நெறியை இக்காலத்தார் குறை கூறலாகாது” என்பதாம். யானும் ஆங்கிலத்திற் கற்றவனே. ஆதலால் ஆங்கிலேயர் எழுதிவைத்தவற்றைக் கொண்டே இவர்களுக்கு விடையிறுக்க விரும்புகிறேன்.

தேதிகளை முதலில் நோக்குவோம். கான்பூர் பீபிகரில் ஏறக்குறைய 200 மாதரும் குழந்தைகளும் கொல்லப்பட்டது 1857 ஜூலை 15. அக்கொலை கொடியது, அதனை மறைப்போர் நம் கட்சியினரல்லர். ஆனால் நீல் தன் சென்னை வெள்ளைப் பட்டாளத்தோடு காசியில் சிப்பாய்களின்மேற் பாய்ந்தது ஜூன் 4. அலகாபாத் கோட்டையை அடைந்தது ஜூன் 11. அலகாபாத்தில் சிப்பாய்கள் தம் அதிகாரிகளைக் கொன்றிருந்தனர் என்பது மெய்யே. எனினும் அதற்காக மாண்டவர் சிப்பாய்கள் மட்டுமோ? சுற்றுப்புறக் கிராமங்கள் கொளுத்தப்பட்டன. சாலையோர மரங்களெல்லாம் தூக்குமரங்களாயின. மேஜர் ரெனாடின் தலைமையில் கான்பூருக்கு முன்னனுப்பிய படைக்கு, இன்னின்ன ஊர்களை அழித்து அங்குள்ள ஆடவரைக் கொல்லுக என்று எழுத்து மூலமாகவே நீல் உத்தரவளித்தான். இவை யாவும் பீபிகர்க் கொலைக்கு முன் நிகழ்ந்தவை. இன்னும் நடவாத ஒரு கொலைக்கு முன்கூட்டியே பழிவாங்கிய வீரரை உலகம் வேறெங்கேனும் கண்டதுண்டோ?

இனி ‘அக்காலத்து நெறி’. கலகத்தில் ஈடுபட்டோர் மட்டுமன்றி முதியோரும் பெண்டிரும் பிள்ளைகளும் பலியாயினர் என்று அப்பொழுதே லண்டனுக்கு எழுதியவர் கவர்னர் ஜெனரலும் அவரது சபையினரும். வரைமுறையற்ற தண்டனையைக் கட்டுப்படுத்த முயன்ற கானிங் பிரபுவைக் ‘கருணைக் கானிங்’ என்று கல்கத்தா வெள்ளையர் எள்ளி நகைத்தனர். சிப்பாய்ப் போரின் சரித்திரம் எழுதிய கேய் என்பவரும் அலகாபாத் நிகழ்ச்சிகளைக் கூசிக் கூசியே எழுதுகிறார். நெறி அன்றும் இருந்தது. அதனை அறிந்தே நீல் மீறினான்.

நான் முக்கியமாகச் சொல்லவந்தது வேறு. ஜூலை 25-இல் கான்பூரில் நீல் ஒரு கட்டளை பிறப்பித்தான். குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்ற ஒவ்வொருவனும் தூக்கிலேறுமுன் பீபிகரின் இரத்தக் கறையிற் சிறு பகுதியைத் துடைக்கவேண்டும், மறுப்பின் கசையடி. முதலில் அகப்பட்டவன் ஒரு பார்ப்பன சுபேதார். துப்புரவுத் தொழிலாளி ஒருவன் துடைப்பத்தை நீட்ட, அதனை வாங்கிப் பெருக்கும்படி அவன் அடிக்கப்பட்டான். பின்னொருவன் நாவினால் நக்கவும் செய்யப்பட்டான். இச்செயலுக்குச் சமாதானம் கூறுகையில், இந்தியருக்கு மிக்க அருவருப்பூட்டுவதும் அவர்கள் மறக்கவொண்ணாததுமான தண்டனை வேண்டுமென்பதே தன் கருத்தென்று நீலே எழுதியிருக்கிறான். அவ்வாண்டு நவம்பரில் காலின் காம்ப்பெல் சேனாபதி வந்து இவ்வழக்கத்தை நிறுத்தவேண்டியதாயிற்று.

நம் சீர்திருத்தத் தோழரில் ஒருசாரார் இதனைப் படித்துவிட்டு உள்ளூர நகைக்கின்றனர். “பார்ப்பானைத் துடைப்பம் பிடிக்கச் செய்தானே, அவ்வளவில் நீல் நம்மவனே” என்பது அவர்கள் எண்ணம். ஐயோ பாவம்! துடைப்பம் பிடிப்பது சாவினும் இழிவு என்னும் நம்பிக்கை உயிரோடிருக்கும் வரையில்தானே அது தண்டனையாகும்? நீல் மனுவை மறுத்தவனல்லன். மனுவைக் கசையாக முறுக்கிக் கையிலெடுத்தவன். துடைப்பத்தை நீட்டிய அத் தொழிலாளியை அவன் மனிதனாக மதித்தானா? தீட்டைத் தடவும் கருவியாகவன்றோ வைத்தான்! சுபேதாருக்குச் சாகுமுன் சில நிமிஷம் விதித்த தண்டனையை, அத்தொழிலாளிக்கும் அவன் பாட்டனுக்கும் பேரனுக்கும் பிறவித் தொழிலாக விதித்திருந்தவர் யார்? அவர்களுக்கு வெள்ளைத் தொப்பியில்லை, அவ்வளவே.

தேச பக்தர்களின் பேச்சு இதனினும் விசித்திரம். நீலின் கொடுமையை மேடையில் வருணிப்போர், சுபேதார் சாதியிழந்ததற்கு ஒரு நாழிகை கண்ணீர் வடிக்கின்றனர். அலகாபாத்துச் சாலைமரங்களில் தொங்கிய உழவருக்கு அரை வாக்கியத்தோடு முடித்துவிடுகின்றனர். தேயிலைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்ப்பவன் நான். பெரட்டுக்கு வந்து நின்றும் செக்ரோலில் பேர் விழாதவன் வேலை செய்யாதவனாகவே கணக்காகிறான் என்பதை அறிவேன். அம்மரங்களில் மாண்டவர் எத்தரப்பாரின் செக்ரோலிலும் ஏறாதவர்கள்.

நீல் 1857 செப்டம்பர் 25-இல் லக்னோவிற் சுடப்பட்டு இறந்தான். அவனுடைய சொந்த ஊராகிய ஸ்காட்லாந்தின் ஏர் நகரிலும் அவனுக்குச் சிலையுண்டு; அது அவ்வூரார் பாடு. சென்னைச் சிலையை அகற்றக் கோரி 1927-இல் திருநெல்வேலி சோமயாஜுலு முதலியோர் சத்தியாக்கிரகம் நடத்தினர். கடலூர் அஞ்சலை அம்மாள் தம் சிறுமகள் அம்மாக்கண்ணுவோடு அதிற் கலந்து சிறை புகுந்தார். பத்தாண்டுகள் கழித்தே சிலை பெயர்ந்தது. அந்தமானில் அவன் பெயர் தாங்கிய தீவுக்கு 2018-இல் ஷகீத் துவீப் என்று பெயர் மாற்றினர். பெயரை மாற்றியதோடு கணக்குத் தீர்ந்ததென்று கைகழுவுவதை நான் ஒப்பேன்.

சிலையை உடைக்கவும் வேண்டா, உருக்கவும் வேண்டா. எழும்பூரில் அதனருகே ஜூலை 25-ஆம் தேதிக் கட்டளை முழுவதையும் தமிழில் எழுதிவைக்கட்டும். துடைப்பம் நீட்டியவனுக்கு நீல் எழுதிய குறிப்பிற் பெயரில்லை என்பதையும் அதன் கீழ் ஒரு வரியாகச் சேர்க்கட்டும்.