ஒரு சொம்புத் தண்ணீர்



அறியாமை என்றதும் நமக்குக் கைநாட்டு வைக்கும் பாமரன்தான் நினைவுக்கு வருகிறான். கையெழுத்துப் போடத் தெரிந்தவனுக்கு அவன்மீது ஓர் இளக்காரம். அது எவ்வளவு பொய் என்பதைச் சென்ற கோடையில் நாங்கள் கண்டோம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குழந்தைக்கு வாந்திபேதி. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று பாட்டி சொம்பை மறைத்து வைத்தார். தொக்கம் எடுத்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். கண் குழிந்து நாவறண்ட பிள்ளையை இரவில் ஆசுபத்திரிக்குத் தூக்கி ஓடினோம். பிழைத்தது. "உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்திருக்கலாமே?" என்றார் டாக்டர். தலைகுனிந்தது பாட்டியா? இல்லை, மெட்ரிக் தேறிய நாங்கள்! எங்களுக்கு அது தெரியும். தெரிந்தும் ஒரு வீட்டிலும் சொன்னதில்லை.

அந்தத் தண்ணீரின் வலிமையை உலகுக்கு மெய்ப்பித்த இடம் எது? சியால்தாவில் ரயிலேறினால் போய் இறங்கும் போங்காவ்! 1971ல் வங்கதேசப் போரின்போது அங்கே அகதிகள் குவிந்தார்கள். காலரா சூறையாடியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்து டிரம்களில் வைத்தார். நோயாளியின் உறவினர்களே வாங்கி ஊட்டினார்கள். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று.

குடலில் சர்க்கரை உப்பைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறது. உப்பின் பின்னே தண்ணீர் போகிறது. இவ்வளவுதான் சூட்சுமம். டாக்காவிலும் கல்கத்தாவிலும் ஆய்வாளர்கள் 1960களிலேயே இதைக் கண்டிருந்தார்கள். ஆனால் "படிக்காத ஜனங்கள் கையில் வைத்தியத்தைக் கொடுப்பதா?" என்று மெத்தப் படித்தவர்கள் தயங்கினார்கள். ஏழையின் அறியாமையைக் காட்டித் தங்கள் அறியாமையை மறைத்தார்கள்! அகதித் தாய் அந்தத் தயக்கத்தைப் பொய்யாக்கினாள். நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 'லான்செட்' இதழ் எழுதியது 1978ல். மகலனாபிஸுக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது 2023ல். அவர் கண்மூடிய பிறகு!

நாம் மட்டும் என்ன செய்தோம்? கூட்டம் போட்டோம், தீர்மானம் போட்டோம், பொங்கல் விழாவுக்கு ரசீதுப் புத்தகம் தூக்கினோம். வங்கமொழித் துண்டறிக்கையைப் படிக்கத் தெரியாத நம் பெண்களுக்குத் தமிழில் நான்கு வரி அச்சடித்தோமா?

இதோ, இப்போதாவது எழுதுகிறோம். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். சர்க்கரை ஆறு தேக்கரண்டி; உப்பு அரைத் தேக்கரண்டி. தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு மிஞ்சக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தாலும் சற்றுப் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளை துவண்டாலோ, இரத்தம் போனாலோ உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள். வழியிலும் ஊட்டிக்கொண்டே போங்கள்.

சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் இம்மாதம் ஐந்து வீடுகளுக்குச் சொம்பும் கரண்டியுமாகச் சென்று கலந்து காட்டுவோம். முதல் வீடாக அந்தப் பாட்டியின் வீட்டுக்கே போகிறோம். மன்னிப்புக் கேட்க வேண்டிய பாக்கி அங்கேதான் இருக்கிறது.