விவாகமும் விசாவும்

கடாரம் கொண்ட ராஜேந்திர சோழன் தலைநகர் அமைத்த அரியலூர்ச் சீமையிலும், அதன் அண்டை ஜில்லாவாகிய பெரம்பலூரிலும், அயல்நாட்டவரை மணக்க நிச்சயித்திருக்கும் யுவதி எவளாயினும், முகூர்த்தத்தை நிர்ணயிக்கும் முன்பே விசாவின் மார்க்கத்தை நிர்ணயித்துக்கொள்வது அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்காவையே உதாரணமாகக் கொள்வோம். அந்நாட்டுப் பிரஜைக்கு நிச்சயிக்கப்பட்டு, ‘கே-1’ விசாவில் செல்பவள், அங்கே இறங்கிய 90 தினங்களுக்குள் அவரையே மணந்து, அதன் பின்னரே நிரந்தர வாசத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விவாகம் தவறினால் நாடு திரும்பியாக வேண்டும். மனைவி என்னும் ஸ்தானத்தில் குடியேற்ற விசா பெற்றவளோ, அந்த மண்ணில் அனுமதிக்கப்படும்போதே நிரந்தரவாசியின் உரிமையை அடைகிறாள்.

அவ்வாறு மனைவியாகவே செல்வதற்கு இங்கேயே மணமுடிக்க விரும்புவோருக்கு, நம் நாட்டின் 1954-ஆம் ஆண்டு விசேஷ விவாகச் சட்டம், மணமக்களில் ஒருவர் 30 தினங்களேனும் வசித்த ஜில்லாவின் விவாக அதிகாரியிடம் அறிவிப்புக் கொடுத்து, மேலும் 30 தினங்கள் காத்திருந்தால், ஆட்சேபம் ஏதும் நிலைபெறாதவிடத்து, மதபேதமின்றி விவாகத்தை நடத்திக் கொடுக்கிறது. இதற்கும், பின்னர் மனைவி விசாவுக்கும் காலம் செல்லும் என்பது மெய்யே. ஆயினும் அந்தத் தாமதத்துக்கு அஞ்சி, ஒருவரது மனமாற்றத்தால் உரிமையனைத்தும் அழிந்துபோகக்கூடிய நிலையில் ஒரு பெண்ணைக் கடல் கடத்துவது விவேகமாகாது.

பெற்றோர்களே, விவாகச் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகே மகளை வழியனுப்புங்கள்.