கெடாமல் காப்பதும் அமானிதமே

கற்றாழைச் சோறும் பன்னீரும் கலந்த முகப்பூச்சை வீட்டிலேயே தயாரித்து விற்கும் சகோதரிகள் இன்று நம்மிடையே பெருகியுள்ளனர். உழைத்து ஈட்டும் அந்த வருவாயை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால், 'பதப்பொருள் சேர்க்கப்படாதது' என்று அக்குப்பிகளின்மீது பெருமையோடு எழுதப்பட்டிருப்பதைக் காணும்போது நமக்கு அச்சமே எழுகிறது.

நீர் உள்ள இடத்தில் நுண்ணுயிர் வளரும். விரலால் தொட்டுத் தொட்டு எடுக்கும் குப்பியில் அது விரைந்து வளரும். சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் கலந்த பூச்சு கண்ணிலோ புண்ணிலோ பட்டால் கடுந்தொற்று ஏற்படலாம். நிறமும் மணமும் மாறாமலேயே பூச்சு கெட்டிருப்பதும் உண்டு. நீர் கலவாத எண்ணெய்க்கு இந்த இடர் குறைவு. நீர் கலந்த பூச்சுக்கோ தக்க பாதுகாப்பு இன்றியமையாதது.

அப்படியாயின் வேதிப்பொருளை விருப்பம்போல் சேர்க்கலாமா? கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு அழகுசாதனச் சட்டம், அனுமதிக்கப்பட்ட பதப்பொருள்களைப் பட்டியலிட்டு அவற்றின் உச்ச அளவுகளையும் வரையறுக்கிறது. பினாக்ஸிஎத்தனால் 1 விழுக்காட்டைத் தாண்டலாகாது. பாரபென் வகையில் ஐந்து, 2014இல் தடைசெய்யப்பட்டன. மெத்தில்பாரபென் முதலிய சில, வரம்புக்குட்பட்டு இன்றும் அனுமதிக்கப்படுகின்றன.

ஆயினும் 'பாரபென்' என்னும் பெயரே மக்களை அஞ்சவைத்தது. தயாரிப்பாளர் பலர் மெத்தில்ஐசோதயசோலினோன் என்னும் பொருளுக்கு மாறினர். விளைவு யாது? தோல் ஒவ்வாமை பெருகியது. தொடுதோல் அழற்சிக்கான அமெரிக்க மருத்துவச் சங்கம், 2013இல் அதனையே 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என அறிவித்தது. தோலில் தங்கும் பூச்சுகளில் அதனைச் சேர்ப்பதை ஐரோப்பா 2017இல் தடுத்தது. 2019இலோ, அதே சங்கம் பாரபென்களை 'ஒவ்வாமை தராத பொருள்' என்று அறிவித்தது. வதந்திக்கு அஞ்சி ஒன்றை விலக்கி, ஆராயாமல் மற்றொன்றை ஏற்றதன் பலன் இது.

கண்டிப்பான சட்டங்களால் தயாரிப்பாளரின் தெரிவுகள் சுருங்குகின்றன என்பது உண்மையே. அதற்கு விடை, பதப்பொருளையே கைவிடுவதன்று, அறிந்து பயன்படுத்துவதாகும். சோடியம் பென்சோயேட் புளிப்புத் தன்மையுள்ள கலவையில்தான் நன்கு செயற்படும். அத்தன்மை குறைந்தால் பயனற்றுப்போகும். விரல் படாமல் அழுத்தி எடுக்கும் குப்பி கிருமி புகுவதைக் குறைக்கும். கிருமிகளை வேண்டுமென்றே கலந்து, பூச்சு அவற்றை அழிக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகச் சோதனையும் உண்டு.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, விற்பனைக்குத் தயாரிப்போர் உரிமம் பெறுதல் வேண்டும். எனவே, விற்க விரும்பும் சகோதரிகள் உரிமம் பெறட்டும், சோதனை செய்யட்டும், சேர்த்தவற்றை ஒளிக்காமல் எழுதட்டும். இயலாதோர் தம் வீட்டுத் தேவைக்குச் சிறிதளவே செய்து, குளிர்பெட்டியில் வைத்து, சில நாள்களில் தீர்த்துவிடட்டும்.

வாங்குபவர் நம்மை நம்பித் தம் குழந்தையின் கன்னத்தில் அதைப் பூசுகிறார். அந்த நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணுவோமாக.