மெஷின் இலவசம், கூட வர்ற ஆளு?

"கிராமத்துல சொந்தபந்தம் பார்த்துக்கும், பட்டணத்துல நாங்கதான் அநாதை"ன்னு அடிக்கடி சொல்ற நண்பர்களுக்கு இந்தப் பதிவு. நீங்க குடும்பம்னு சொல்றது, பட்டணமோ பட்டிக்காடோ, நடைமுறையில ஒரு பொம்பளை. சிறுநீரகம் செயலிழந்தவர் இருக்கிற வீட்ல போய்ப் பாருங்க, தெரியும்.

என் அக்கா பழைய வண்ணாரப்பேட்டையில இருக்காங்க. மாமாவுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல காசில்லாம நடக்குது, அதை நான் குறை சொல்லல. ஆனா மெஷின்ல நாலு மணி நேரம். போக, காத்திருக்க, திரும்பி வர ஒரு பகல் போயிடும். முடிஞ்சதும் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். துறைமுகத்துல மூட்டை தூக்கின மனுஷன், இன்னிக்கு மாடிப்படியில பாதியிலயே உக்காந்துடறார்.

தாங்கிப் பிடிக்கிறது அக்கா. அவங்களுக்கே அறுபது தாண்டியாச்சு, மூட்டு வலி வேற. எம்.சி. ரோடு கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைக்கிறாங்க. ரெண்டு நாள் தைக்கலைன்னா ரெண்டு நாள் காசு இல்ல. மகளிருக்கு பஸ் இலவசம், வாஸ்தவம். டயாலிசிஸ் முடிஞ்சு தள்ளாடுறவரை எந்த பஸ்ல ஏத்துறது? ஆட்டோதான்.

எங்க பம்புசெட்டுக்குக் கூட கரண்ட் இலவசம். நாத்து நட கூலி யார் தர்றா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு. ஹீமோபிலியா, தலசீமியா எல்லாம் உண்டு, இருக்கவும் வேணும். சிறுநீரகச் செயலிழப்பு இல்ல. காசநோய்க்காரங்களுக்கு மருந்தோட, சத்தான சாப்பாட்டுக்குன்னு மாசம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குல போடுறாங்க. டயாலிசிஸ்ல உடம்புப் புரதமும் கொஞ்சம் கழிஞ்சு போகுது, முட்டை சாப்பிடுங்கன்னு சொல்றாங்க. முட்டை யார் காசுல?

2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல, வயித்து வழியா டயாலிசிஸ் பண்றவங்களுக்குப் பையை வீட்டுக்கே கொண்டாந்து தர ஏற்பாடு உண்டு. நல்ல காரியம். ஆக, நோயாளி வீட்டுக்கு அரசாங்கத்துக்கு வழி தெரியும். கதவைத் திறந்து விடுற அம்மாதான் கண்ணுக்குத் தெரியல.

பாசத்துக்குக் கூலி கேக்குறியான்னு சண்டைக்கு வருவீங்க. ஆமாங்க, கேக்குறேன். பாசம் அக்காகிட்ட தாராளமா இருக்கு, வாடகைக்குத்தான் இல்ல. டயாலிசிஸ் நாளுக்குத் துணைக்கு வர்றவங்களுக்கு ஒரு நாள் கூலி, போய்வர ஆட்டோ காசு. இவ்வளவுதான் கேக்குறது.

நடவு, அறுப்பு இல்லாத வாரத்துல நான் பொன்னேரியில ரயிலேறி வந்து ஒரு நாள் மாமா கூட உக்காருவேன். அன்னிக்கு அக்கா தைப்பாங்க. அடுத்த வாரம் நடவு.