பெயரில்லாத பூனையின் சாட்சி



தீர்க்கதரிசியான பிலேயாம் காணாததை அவனுடைய கழுதை கண்டது என்று எண்ணாகமத்தில் வாசித்திருக்கிறீர்கள். மனிதனுக்கு மறைந்திருப்பதை ஒரு விலங்கு காண்பதை மையமாகக் கொண்ட நாவல் ஒன்று ஜப்பானில் உண்டு. நட்சுமே சோசெகி எழுதிய 'நான் ஒரு பூனை' என்னும் அந்நூல், 1905, 1906 ஆம் ஆண்டுகளில் 'ஹோதோதோகிசு' இதழில் தொடராக வெளிவந்தது.

கதை சொல்லும் பூனைக்குக் கடைசிவரை பெயரே இல்லை. அது குஷாமி என்னும் ஆங்கில ஆசிரியரின் வீட்டில் ஒண்டி வாழ்கிறது. பள்ளியிலிருந்து திரும்பியதும் அவர் படிப்பறைக்குள் புகுந்துகொள்வார். அவர் ஓயாமல் படிப்பவர் என்று வீட்டார் நம்புகிறார்கள். பூனையோ எட்டிப் பார்க்கிறது. விரித்த புத்தகத்தின்மேல் எச்சில் வடிய அவர் உறங்குகிறார். செல்வந்தரான கனேடாவின் வீட்டிலும் அது நுழைந்து, அங்கு பேசப்படுவதைக் கேட்கிறது. பூனைக்கு முன்பாக எவரும் வேடம் தரிப்பதில்லை அல்லவா?

இத்தகைய அங்கத நூல்கள் பிறரை இகழவே கற்பிக்கும் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. இதை எழுதியபோது சோசெகியும் தோக்கியோவில் ஆங்கில ஆசிரியராகவே இருந்தார். நகைப்புக்குரிய இடத்தில் முதலாவது தம்மைப் போன்ற ஒருவரையே அவர் நிறுத்தினார். பூனையையும் அவர் தப்பவிடவில்லை. மனிதரைப் பரிகசித்துக்கொண்டே அது தன்னையும் ஏறக்குறைய மனிதனாகவே எண்ணத் தொடங்குகிறது. முடிவில், விருந்தினர் மீதம் வைத்த பீரைக் குடித்து, தண்ணீர்ச் சாடியில் விழுந்து மாள்கிறது. நியாயந்தீர்த்தவனும் தீர்ப்புக்குத் தப்பவில்லை.

பிரியமானவர்களே, இந்நூலை வாசிக்கையில் பூனையின் இடத்தில் அமர்ந்து சிரிப்பது எளிது. குஷாமியின் இடத்தில் அமர்வதே கடினம், பயனுள்ளதும் அதுவே. அடுத்த வீட்டாரையும், சபையில் அருகே அமர்ந்திருப்பவரையும் அளந்து பார்க்க நமக்குக் கண்கள் இருக்கின்றன. நம் அறையின் கதவு சாத்தப்பட்டபின் நாம் யார் என்பதை அறிந்தவர் எவர்?

குடும்பத்தார் நம்மைக் குறித்து நம்பியிருப்பதும், கதவுக்குப் பின்னால் நாம் இருக்கும் விதமும் ஒன்றாக இருக்கின்றனவா? இந்த வாரத்தில் வேறொருவரைக் குறித்து வாய் திறக்குமுன், இக்கேள்விக்கு நாம் விடை சொல்லுவோமாக.